சொன்ன நேரத்துக்கு வந்தால்தான் வெற்றி

வாசகர் கேள்வி – பதில்

2003 மார்ச் 21 அன்று அமெரிக்காவின் டிஸ்னி சேனலில் வெளியான படம் ‘ரைட் ஆன் ட்ராக்’. தியேட்டருக்கே போகாமல் நேராக டிவிக்கென்று எடுத்தது. அக்கா, தங்கை, அப்பா, அம்மா, அரை அளவில் செய்த ரேஸ் கார்கள், சீண்டும் பையன்கள், ஒன்றரை மணி நேரத்துக்குள் ஒரு கோப்பை. இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை படத்தில் ஆரம்பித்து அந்தக் குட்டி கார்களில் போய் நின்றதால், பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

‘உண்மைக் கதை’ என்கிறார்களே, எந்த அளவுக்கு உண்மை? பிள்ளைகள் கேட்டு நச்சரிக்கிறார்கள். (வாசகி, கும்பகோணம்)

அக்கா எரிகா எண்டர்ஸ், தங்கை கோர்ட்னி எண்டர்ஸ் இருவருமே நிஜ மனிதர்கள். டெக்ஸாஸ் மாநிலம் ஹூஸ்டன் பக்கத்துக் குடும்பம். அப்பாவும் டிராக் ரேஸ்காரர், அதாவது நேர்ப்பாதையில் இரண்டிரண்டு வண்டியாக மோதும் பந்தயக்காரர். எரிகா 1983இல் பிறந்தவர், எட்டு வயதில் பிள்ளைகளுக்கான ஜூனியர் வண்டியில் ஏறினார். இவ்வளவும் உண்மை. ஆனால் பல வருடங்களாக நடந்ததை ஒன்றரை மணி நேரத்தில் அடக்கும்போது, எது முதலில் நடந்தது, யார் எப்போது எதைச் சொன்னார்கள் என்பதெல்லாம் திரைக்கதைக்காரர் கைக்குப் போய்விடும். வசனங்களைச் சரித்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

படத்துக்குப் பிறகு நடந்ததுதான் பெரிய கதை. படம் வந்தபோது எரிகாவுக்கு வயது 19. அப்புறம் ‘புரோ ஸ்டாக்’ என்ற பெரியவர்கள் பிரிவுக்குப் போனார். கால் மைல் தூரம், ஆறரை விநாடி சுமார், மணிக்கு 200 மைலுக்கு மேல். அந்தப் பிரிவில் ஒரு போட்டியை வென்ற முதல் பெண் (2012, சிகாகோவுக்கு அருகில் ஜோலியட்), சாம்பியன் பட்டம் பெற்ற முதல் பெண் (2014) இரண்டும் அவர்தான். அதற்குப் பின் 2015, 2019, 2020, 2022, 2023 என்று பட்டங்கள் ஆறாகிவிட்டன. படத்தின் முடிவில் காட்டும் கோப்பை இதற்குப் பக்கத்தில் பொம்மைக் கோப்பை.

தங்கச்சியாக வருவது ‘கேப்டன் மார்வெல்’ நடிகையா சார்? வீட்டில் பந்தயம். (பிளஸ் ஒன் மாணவர், விருதுநகர்)

ஆமாம், பிரீ லார்சன்தான். படம் வந்தபோது அவருக்கு 13 வயது. 2016இல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் வாங்கினார். அக்காவாக வருபவர் பெவர்லி மிட்செல். பந்தயப் பணத்தில் எங்களுக்குப் பங்கு வேண்டாம்.

யூடியூபில் ஜூனியர் டிராக் ரேஸ் தேடிப் பார்த்தேன். ஒரு வண்டி மூன்று விநாடி முன்னாலேயே கிளம்பிப் போய்விடுகிறது. இன்னொரு ரேஸில் முதலில் கோட்டைத் தாண்டிய வண்டி தோற்றதாக அறிவிக்கிறார்கள். இது என்ன நியாயம்? (வாசகர், ஈரோடு)

இதைப் புரிந்துகொண்டால் அந்தப் படமே வேறு படமாகத் தெரியும்.

சாதாரண ரேஸில் யார் வண்டிக்கு வேகம் அதிகமோ அவருக்கு வெற்றி. அப்படி விட்டால் பணக்கார அப்பாவின் பிள்ளை மட்டும்தான் ஜெயிக்கும். அதனால் இங்கே விதியைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். போட்டிக்கு முன் ஒவ்வொரு ஓட்டுநரும் ‘என் வண்டி இந்தத் தூரத்தை இத்தனை விநாடியில் ஓடும்’ என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்கு ‘டயல்-இன்’ என்று பெயர். வண்டிக் கண்ணாடியிலோ பக்கவாட்டிலோ பெரிதாக எழுதி ஒட்டியிருப்பார்கள். தூரம் அதிகபட்சம் எட்டில் ஒரு பங்கு மைல், அதாவது 660 அடி, நம் கணக்கில் 201 மீட்டர்.

ஒரு உதாரணம். இடது பாதையில் ஒன்பது வயதுத் தங்கை, டயல்-இன் 11.90. வலது பாதையில் அக்கா, டயல்-இன் 8.90. வித்தியாசம் 3.00 விநாடி. எனவே தங்கைக்குப் பச்சை விளக்கு மூன்று விநாடி முன்னால் எரியும். நீங்கள் பார்த்தது இதுதான்.

இருவரும் சொன்னபடி ஓடினால் கோட்டில் ஒன்றாக வந்து சேர வேண்டும். வருவதில்லை. தங்கை பச்சை விழுந்து 0.120 விநாடி கழித்துக் கிளம்புகிறாள், 11.92இல் ஓடி முடிக்கிறாள். சொன்னதைவிட 0.02 தாமதம். மொத்தத்தில் 0.140 விரயம். அக்கா 0.080இல் கிளம்பி 8.95இல் முடிக்கிறாள். 0.05 தாமதம், மொத்தம் 0.130. அக்காவுக்கு 0.010 விநாடியில் வெற்றி. மணிக்கு ஐம்பது மைலில் வரும் தங்கையின் வண்டிக்கு அது ஏறக்குறைய ஒரு சாண் தூரம்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. அதே தங்கை 11.88இல் ஓடியிருந்தால்? சொன்ன நேரத்தைவிட வேகமாக ஓடிவிட்டாள். அது ‘பிரேக் அவுட்’. கோட்டை முதலில் தாண்டினாலும் தோல்விதான். இருவருமே பிரேக் அவுட் ஆனால் யார் குறைவாக மீறினாரோ அவருக்கு வெற்றி. ஒருவர் பச்சைக்கு முன்பே கிளம்பி சிவப்பு விளக்கு வாங்கிவிட்டார், மற்றவர் பிரேக் அவுட் ஆகிவிட்டார் என்றால்? சிவப்பு விளக்குதான் பெரிய குற்றம், அவரே தோற்பார்.

ஆக இது வேகப்போட்டி என்பதைவிட, தன்னைப் பற்றிச் சரியாகச் சொல்லும் போட்டி என்பதே பொருத்தம். படம் இந்த விதியை விலாவாரியாகப் பாடம் எடுக்காது. எடுத்தால் பத்து வயதுப் பிள்ளை சேனலை மாற்றிவிடும்.

அப்படியென்றால் வேண்டுமென்றே கூடுதலாக எழுதிக் கொடுத்துவிட்டு, கோட்டுக்குப் பக்கத்தில் பிரேக் போட்டுக்கொண்டால் போதாதா? (அதே வாசகர்)

திருட்டு மூளைக்கு அங்கேயும் பஞ்சமில்லை. 8.90 ஓடும் வண்டிக்கு 9.00 என்று எழுதிவிட்டு, கடைசி முப்பது அடியில் எதிராளியைப் பார்த்துப் பார்த்து வேகத்தைக் குறைப்பவர்கள் உண்டு. பெரியவர்களின் ரேஸில் அதை ஒரு கலை என்றே சொல்வார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது முட்டாள்தனம். பக்கத்துப் பாதையைத் திரும்பிப் பார்க்கும்போது ஸ்டீயரிங்கும் கூடவே திரும்பும். எழுபது மைல் வேகத்தில் பின் சக்கரத்தில் மட்டும் பிரேக் பிடித்தால் வால் அலையும். அதோடு, ஒரு நூறில் பங்கு விநாடியைக் கண்ணால் அளக்கப் பத்து வயதுப் பிள்ளைக்கு முடியாது. பாதிக்கு மேல் முன்னதாகவே குறைத்துத் தோற்கும்.

மரம் மாதிரி அடுக்கியிருக்கும் விளக்குகள் எப்படி வேலை செய்கின்றன? பச்சை எரிந்த உடனே கிளம்பியும் ஏன் தாமதம் என்கிறார்கள்? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

அதன் பெயரே கிறிஸ்துமஸ் மரம். மேலே இரண்டு ஜோடி சின்ன விளக்குகள், அவை வண்டி கோட்டில் நிற்பதைச் சொல்பவை. பாதையின் குறுக்கே தரைக்கு மேல் இரண்டு ஒளிக்கற்றைகள் போகும். முன்சக்கரம் முதல் கற்றையை மறைத்தால் ‘ப்ரீ-ஸ்டேஜ்’ எரியும், கோட்டுக்கு இன்னும் ஏழு அங்குலம் பாக்கி என்று அர்த்தம். இரண்டாவதை மறைத்தால் ‘ஸ்டேஜ்’. இரு வண்டிகளும் ஸ்டேஜ் ஆனதும் விளையாட்டு தொடங்கும்.

கீழே மூன்று மஞ்சள் விளக்குகள் அரை விநாடி இடைவெளியில் ஒவ்வொன்றாக இறங்கும். மூன்றாவது மஞ்சளுக்கு அரை விநாடி கழித்துப் பச்சை. பச்சையைப் பார்த்துக் கிளம்பினால் தொலைந்தீர்கள். கண் பார்த்து, மூளை சொல்லி, கால் அழுத்த 0.2 விநாடி சுமார் ஆகும். அதன் பிறகு கிளட்ச் பிடித்து, சக்கரம் உருண்டு, கற்றையை விட்டு வெளியே வர இன்னும் கொஞ்சம். எனவே மூன்றாவது மஞ்சள் எரிந்த கணத்திலேயே காலை அழுத்த வேண்டும். எல்லாம் கூடி வரும்போது அரை விநாடி முடிந்து பச்சை விழுந்திருக்கும். 0.000 என்றால் முழுமை. அதற்கு ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி முந்தினால்கூடச் சிவப்பு.

பிள்ளை அடிக்கடி சிவப்பு வாங்குகிறது என்றால் ‘நிதானமாகக் கிளம்பு’ என்று திட்டுவதில் பயனில்லை. அதன் கண் ஒரே மாதிரிதான் வேலை செய்யும், வண்டியைத்தான் மாற்ற வேண்டும். ஸ்டேஜ் விளக்கு எரிந்த அந்தப் புள்ளியிலேயே நிறுத்தச் சொல்வது முதல் வழி. இரண்டு அங்குலம் முன்னே தள்ளி நின்றால் கற்றையை விட்டு வெளியேறும் தூரம் குறைந்து, அதே பிள்ளை சிவப்பில் விழும். சற்றே பெரிய முன்டயர் போடுவதும் உதவும், உருண்டு வெளியேற நேரம் கூடுதலாக எடுக்கும்.

அப்பா எந்நேரமும் ஒரு துண்டுச் சீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார்களாமே. அதில் என்னதான் இருக்கிறது? (மெக்கானிக், சேலம்)

அதுதான் ‘டைம் ஸ்லிப்’. ஒவ்வொரு ஓட்டமும் முடிந்ததும் கிடைக்கும். 8.90 வண்டிக்கு இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

டயல்-இன் 8.90
கிளம்பிய நேரம் 0.071
60 அடி 1.86
330 அடி 5.66
660 அடி 8.94
கடைசி வேகம் 72 மைல்

தொழில் தெரிந்த உங்களுக்கு இது ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் மாதிரி. அடுத்த ஓட்டத்தில் மொத்தம் 9.02 என்று வந்தால், உடனே எஞ்சினைக் குறை சொல்லக் கூடாது. 60 அடி நேரத்தைப் பாருங்கள். அது 1.94 ஆகியிருந்தால் இழந்த 0.08 விநாடியும் கிளம்பும் இடத்திலேயே போயிருக்கிறது. பின்டயர் வழுக்கியிருக்கும், டயரில் காற்று அதிகமாக இருந்திருக்கும், கிளட்ச் வேறு வேகத்தில் பிடித்திருக்கும். 60 அடி அதே 1.86, ஆனால் 330க்குப் பிறகுதான் நேரம் நழுவுகிறது என்றால் எஞ்சின் பக்கம் போங்கள்: எரிபொருள் கலவை, இறுகிப்போன செயின், உராயும் பிரேக், இல்லையென்றால் வெயில்.

வெயிலை லேசாக நினைக்க வேண்டாம். சூடான காற்று லேசாகிவிடும், ஒரு உறிஞ்சலில் உள்ளே போகும் ஆக்சிஜன் குறையும், வண்டி மெதுவாகும். காலையில் 8.88 ஓடிய வண்டி மத்தியானம் 8.97 ஓடினால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். ஆபத்து சாயங்காலம்தான். இறுதிச் சுற்றுகள் வெயில் தாழ்ந்த பிறகு வரும், வண்டி மறுபடி துடிப்பாகும், மத்தியானம் எழுதிய டயல்-இன்னை மாற்ற மறந்த குடும்பம் பிரேக் அவுட் ஆகி வீட்டுக்குப் போகும். அதனால் சீட்டுக்குப் பக்கத்திலேயே வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம், டயர் அழுத்தம், எந்தப் பாதை, மணி என்ன என்று நோட்டில் குறித்து வைப்பார்கள். அநேக வீடுகளில் அந்த நோட்டு அம்மாவின் கையில் இருக்கும், படங்களில் அந்த வேலை வசனமில்லாமல் போய்விடும்.

வண்டியில் என்ன எஞ்சின்? கியர் உண்டா? (அதே மெக்கானிக்)

கியர் கிடையாது. பெரியவர்களின் டிராக் ரேஸ் காரான டிராக்ஸ்டரைப் பாதி அளவில் செய்த இரும்புக் குழாய்ச் சட்டம், ஓட்டுநர் முதுகுக்குப் பின்னால் ஒற்றை சிலிண்டர் எஞ்சின், தானாகப் பிடிக்கும் கிளட்ச், அங்கிருந்து செயினில் பின் அச்சு. ஒரு மிதி ஓட, ஒரு மிதி நிற்க. 1992இல் நியூ ஜெர்சியின் இங்கிலிஷ்டவுன் ரேஸ் மைதான உரிமையாளர் வின்சென்ட் நாப் இந்த யோசனையைத் தொடங்கியபோது போட்டது ஐந்து குதிரைசக்தி பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சின், புல்வெட்டும் இயந்திரத்தில் இருப்பதற்கு உறவுக்காரன். இப்போது ஓடுவதெல்லாம் ரேஸுக்கென்றே செய்யும் அதன் பேரப்பிள்ளைகள். பந்தயத்தை நடத்துவது என்.எச்.ஆர்.ஏ. எனப்படும் தேசிய ஹாட் ராட் சங்கம், வயது 5 முதல் 17 வரை. மூத்த பிள்ளைகளுக்குக்கூட 7.90 விநாடிக்குக் குறையவும் மணிக்கு 85 மைலைத் தாண்டவும் அனுமதியில்லை. சின்னவர்களுக்கு இதைவிடத் தளர்ந்த நேரம்.

எரிபொருள் பெரும்பாலும் மெத்தனால் என்ற ஆல்கஹால். பெட்ரோலில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், மெத்தனாலில் 6.4 போதும். அதனால் அதே காற்றுக்கு இரண்டு மடங்குக்கு மேல் ஊற்ற வேண்டும், கார்புரேட்டரில் எரிபொருள் வரும் ஜெட் துளையும் அதற்கேற்பப் பெரிது. ஆவியாகும்போது எஞ்சினை நன்றாகக் குளிரவைக்கும். மூன்று தொல்லைகள். ஒன்று, ஈரத்தை உறிஞ்சும், கார்புரேட்டரின் அலுமினியத்தை அரிக்கும். நாள் முடிந்ததும் வடித்துவிட்டுக் கொஞ்சம் பெட்ரோலில் ஓடவிட்டுத்தான் மூட வேண்டும். இரண்டு, சிலிண்டர் வழியாக ஆயிலில் இறங்கும். ஆயில் மோர் மாதிரி வெளுத்தால் மாற்றியே ஆக வேண்டும். மூன்று, பட்டப்பகலில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது. மெத்தனால் நீரில் கரையும் என்பதால் பக்கத்தில் தண்ணீர் வாளி இருப்பது நல்லது.

எட்டு வயதுக் குழந்தையை இதில் உட்காரவைக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? (இல்லத்தரசி, தஞ்சாவூர்)

படத்தில் அம்மா கவலைப்படுவது நியாயம்தான். ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்து பயப்படலாம். பாதை நேர்கோடு. திருப்பத்தில் மோதல் கிடையாது, ஆளுக்கொரு பாதை. மிச்சமிருக்கும் ஆபத்து, வண்டி பக்கத்துப் பாதைக்குள் போய்விடுவதும் தடுப்பில் உரசுவதும் கவிழ்வதும். அதற்குத்தான் தலைக்கு மேல் கூண்டு, முகம் மூடிய ஹெல்மெட், கழுத்துப் பட்டை, தீ தாங்கும் ஜாக்கெட், கையுறை, ஐந்து முனைப் பெல்ட்.

இவற்றில் பலரும் கவனிக்காத ஒன்று கைக்கட்டு. இரு முழங்கைப் பக்கமும் பட்டை கட்டி இடுப்பு பெல்ட்டோடு இணைத்திருப்பார்கள். கவிழும்போது பிள்ளை தன்னையறியாமல் கையை வெளியே நீட்டித் தரையைத் தாங்கப் பார்க்கும், கூண்டுக்கு வெளியே போன கை நசுங்கும். அதைத் தடுக்கவே இது. ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்ப முடிய வேண்டும், ஆனால் விரல் நுனி கூண்டைத் தாண்டக் கூடாது. கட்டியபின் கையை மேலே தூக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். பிள்ளை வளர வளர அளவு மாறும், போன சீசன் அளவிலேயே விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு.

இதெல்லாம் இருந்தும் மனசு வரவில்லை என்றால், அது தவறே இல்லை.

எட்டு விநாடி ரேஸ் எப்படி சினிமாவில் அவ்வளவு நேரம் ஓடுகிறது? (உதவி இயக்குநர், சென்னை)

உங்களுக்குத் தெரியாததா! இந்த வகைப் படங்கள் எல்லாவற்றிலும் ஒரே தையல்தான்: விளக்கு, கண், மிதி, சக்கரம், கேலரியில் அம்மா, மறுபடி கண். ஒவ்வொன்றும் ஒன்றரை விநாடி என்றாலும் இருபது துண்டில் அரை நிமிடம் ஆகிவிடும். ஒவ்வொரு துண்டிலும் வண்டியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள். பார்ப்பவர் தூரத்தைக் கணக்கு வைப்பதில்லை. சத்தம் மட்டும் தொடர்ந்து ஏறிக்கொண்டே போனால் வெட்டு தெரியாது. ஒரு எச்சரிக்கை: பக்கத்துப் பாதை வண்டி எது என்று நிறத்தில் பிரித்துக் காட்டாவிட்டால் இந்தத் தையல் பிய்ந்துவிடும். ஹெல்மெட் போட்ட இரண்டு முகமும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இதே மாதிரி விளையாட்டும் குடும்பமும் கலந்த டிவி படங்கள் இன்னும் சொல்லுங்களேன். (வாசகி, புதுச்சேரி)

அதே சேனலிலிருந்து நாலு. ‘ஜானி சுனாமி’ (1999): ஹவாயில் அலைச்சறுக்கு விளையாடும் பையன் வெர்மான்ட் பனிக்கு இடம்பெயர்கிறான். தாத்தாவின் பாத்திரம்தான் படத்தின் உயிர். ‘மிராக்கிள் இன் லேன் 2’ (2000): சக்கர நாற்காலியில் இருக்கும் சிறுவன், சரிவில் உருண்டு ஓடும் எஞ்சினில்லாத பெட்டி வண்டிப் போட்டிக்குப் போகிறான், இதுவும் உண்மை மனிதரின் கதை. ‘டபுள் டீம்ட்’ (2002): ஆறடிக்கு மேல் வளர்ந்த பர்ஜ் இரட்டையரின் கூடைப்பந்து. ‘ஜம்ப் இன்!’ (2007): குத்துச்சண்டைப் பயிற்சியாளரின் மகன் இரட்டைக் கயிறு தாண்டும் போட்டிக்குப் போய்விட, அப்பாவுக்கு வரும் சங்கடம்.

எதிலிருந்து தொடங்குவது என்றால் ‘ஜம்ப் இன்!’. மற்ற மூன்றிலும் ஜெயிப்பதுதான் பிரச்சினை. இதில் எந்த விளையாட்டு என்பதே வீட்டுச் சண்டை.

என் மகனுக்கு 14 வயது. இதைப் பார்த்துவிட்டு பைபாஸில் ‘டிராக்’ போட வேண்டும் என்கிறான். இங்கே முறையாகக் கற்க வழி உண்டா? (தகப்பனார், கோவை)

பைபாஸ் பேச்சை முதலில் நிறுத்துங்கள். பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவின்படி குற்றம், அதோடு 14 வயதுக்கு எந்த மோட்டார் வண்டிக்கும் லைசென்ஸ் கிடையாது.

நீங்கள் கோவையிலேயே இருந்துகொண்டு கேட்கிறீர்கள்! செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பக்கத்தில்தான். டிராக் ஆசைக்கு இங்கே குறுக்குவழி கார்ட்டிங், அதாவது தரையோடு ஒட்டிய குட்டித் திறந்த கார்களில் ஓட்டும் ரேஸ். வயதுவாரியாகப் பிரிவுகள் உண்டு, பிரேக், பாதை, பொறுமை மூன்றும் அதில் படியும். போட்டிக்குப் போகும் கட்டத்தில் எஃப்.எம்.எஸ்.சி.ஐ. எனப்படும் இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் உரிமம் வேண்டும். மோட்டார் சைக்கிள் டிராக் போட்டிகள் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை மைதானத்தில் நடந்திருக்கின்றன. ஒருமுறை அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

எஞ்சின் எல்லாம் வேண்டாம். எங்கள் தெருப் பிள்ளைகள் சைக்கிளில் இந்த ‘சொன்ன நேரம்’ விளையாட்டை ஆடலாமா? (உடற்கல்வி ஆசிரியர், திண்டுக்கல்)

அருமையாக ஆடலாம் ஐயா. ஆறாம் வகுப்புப் பிள்ளையும் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் சமமாக மோதக்கூடிய விளையாட்டு வேறு எத்தனை இருக்கிறது?

மைதானத்தில் நேராக 100 மீட்டர் அளந்து கொள்ளுங்கள், முடிவுக்கோட்டுக்கு அப்பால் குறைந்தது 40 மீட்டர் வெறுமையாக இருக்கட்டும். நின்று கொள்ள இடமில்லாமல்தான் முட்டி உடையும். இரண்டு பாதைக்கும் நடுவே மூன்று மீட்டர், சுண்ணாம்புக் கோடு. ஒவ்வொருவருக்கும் மூன்று பயிற்சி ஓட்டம், நேரத்தைச் சொல்லிவிடுங்கள். அதன் பிறகு அவர்களே தங்கள் நேரத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் அட்டையில் எழுத வேண்டும். ஒருவர் 17, இன்னொருவர் 13.5 என்றால், முதலாமவருக்கு விசில், மூன்றரை விநாடி கழித்து அடுத்தவருக்கு விசில். விசிலுக்கு முன் கிளம்பினால் அவுட். சொன்ன நேரத்துக்கு முந்தினால் அவுட். மற்றபடி கோட்டை முதலில் தொட்டவர் வெற்றி.

கை ஸ்டாப்வாட்ச்சில் 0.2 விநாடி வரை பிசகு வரும். எனவே நூறில் பங்குக் கணக்கெல்லாம் வேண்டாம், அரை விநாடி அளவில் எழுதச் சொல்லுங்கள், கால் விநாடி வரை முந்தினால் மன்னித்துவிடுங்கள். ஒரே ஆள் எல்லாருக்கும் விசில் ஊதட்டும், ஒவ்வொரு பாதைக்கும் கடைசி வரை ஒரே நேரக்காப்பாளர் இருக்கட்டும். ஆள் மாறினால் சண்டை வரும். பயிற்சியில் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டும் கில்லாடிகள் வருவார்கள். கவலை வேண்டாம், போட்டியில் உற்சாகத்தில் அழுத்திவிட்டு அவர்களே முந்தி அவுட் ஆவார்கள்.

எனக்கு ரியாக்‌ஷன் டைம் எவ்வளவு என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா அங்கிள்? (ஏழாம் வகுப்பு மாணவி, மதுரை)

முடியும், 30 சென்டிமீட்டர் ஸ்கேல் ஒன்று போதும். உன் கையை மேசை விளிம்பில் வைத்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இரண்டு சென்டிமீட்டர் விரித்துக்கொள். தம்பியோ அக்காவோ ஸ்கேலின் 30ஐப் பிடித்து, பூஜ்யம் உன் விரல்களுக்கு நடுவில் வரும்படி தொங்கவிட வேண்டும். சொல்லாமல் விட வேண்டும். நீ பிடித்த இடத்தைப் பார்:

10 செ.மீ. என்றால் 0.14 விநாடி
15 செ.மீ. என்றால் 0.17
20 செ.மீ. என்றால் 0.20
25 செ.மீ. என்றால் 0.23
30 செ.மீ. என்றால் 0.25

ஐந்து தடவை செய்து, முதல் தடவையை விட்டுவிட்டு மற்ற நாலின் சராசரியை எடு. பத்துக்குக் கீழே வந்தால் சந்தோஷப்படாதே. ஸ்கேல் விழுமுன்பே ஊகித்துப் பிடித்திருக்கிறாய், ட்ராக்கில் அதற்குச் சிவப்பு விளக்கு. இரவு தூங்காமல் விழித்திருந்த மறுநாள் ஒரு முறை செய்து பார், எண் ஏறியிருக்கும்.

ஸ்கேலை விடும் ஆள் விடப்போகும் நொடியில் புருவத்தைத் தூக்குவார். ஸ்கேலை மட்டும் பார், முகத்தைப் பார்க்காதே. தம்பி விட்டால் கட்டாயம் சிரித்துவிடுவான்.